படித்தது போதுமா?

தேர்வு நெருங்கும் காலத்தில் மாணவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. "படித்தது போதுமா?" என்பதே அக்கேள்வி. பகலில் மெல்ல எழும் அது, இரவில் உரத்து ஒலிக்கிறது. உணவின்முன் அமர்ந்தால், "இந்நேரத்தில் ஒரு பாடத்தை முடித்திருக்கலாமே" என்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் புறப்பட்டால், "மற்றவர்கள் வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருப்பார்களே" என்கிறது. படுக்கையில் சாய்ந்தால், "இன்றைய நாளும் வீணாயிற்றே" என்கிறது. புத்தகத்தைத் திறந்து வைத்தாலோ, கண்கள் எழுத்தின்மேல் இருக்க, மனம் கழிந்த நாட்களையே எண்ணிக்கொண்டிருக்கிறது. இவ்வாறு ஓய்விலும் இன்பமின்றி, படிப்பிலும் பயனின்றிக் கழியும் நாட்கள் பல.

இக்குரல் சோம்பியிருப்பவரிடம் மட்டும் எழுவதன்று. நன்கு படிப்பவரையும் அது விடுவதில்லை. ஊக்கம் தருவதுபோல் தோன்றும் இது, பல வேளைகளில் ஊக்கத்தையே அழித்துவிடுகிறது. ஆதலின், இதன் இயல்பு யாது, இஃது எங்கிருந்து வருகிறது, இதனை எவ்வாறு அடக்கி ஆளலாம் என்பவற்றை ஆராய்வது மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

தேர்வுக்கு வந்த பெருமதிப்பு

பினாங்கில் பள்ளிக்கும் தேர்வுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1816ஆம் ஆண்டில் ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் பினாங்கு பிரீ ஸ்கூல் தோன்றியது. 1852இல் செயின்ட் சேவியர் பள்ளியும் லைட் ஸ்திரீட் கான்வென்ட் பள்ளியும் தொடங்கப்பெற்றன. ஆங்கிலேயர் ஆட்சிக்கும் வணிக நிறுவனங்களுக்கும் எழுத்தர்கள் தேவைப்பட்ட காலம் அது. கேம்பிரிட்ஜ் தேர்வில் தேறிய சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் மேசையடி வேலை கிடைத்தது. இல்லையேல் உடலுழைப்பே கதியாயிற்று. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து வந்தது; விடைத்தாள் அங்கேயே திரும்பிச் சென்றது. ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அக்காகிதக் கட்டுடன் கடல் கடந்ததாக மக்கள் கருதினர்.

1885ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் 'குயின்ஸ் ஸ்காலர்ஷிப்' என்னும் அரசியார் உதவிச் சம்பளம் ஏற்படுத்தப்பட்டது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய இடங்களின் மாணவருள் ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ அதனைப் பெற்றுப் பிரிட்டனுக்குச் சென்று பயின்றனர். பினாங்கில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1879இல் பிறந்து, பிரீ ஸ்கூலில் பயின்ற வூ லியன் தே 1896இல் அதனை வென்று கேம்பிரிட்ஜ் எமானுவேல் கல்லூரிக்குச் சென்றார். பின்னாளில், 1910-11இல் மஞ்சூரியாவில் பரவிய கொடிய கொள்ளை நோயை எதிர்த்துப் போராடி உலகப் புகழ் எய்தியவர் அவரே. ஒரு தேர்வு ஒரு மனிதரை எவ்வளவு உயரத்திற்கு ஏற்றிவிடும் என்பதற்கு அவர் சான்றானார். ஆனால் அதே தேர்வை எழுதி, அவரைப் போலவே விழித்துப் படித்து, இடம் பெறாமற்போன பிறரின் பெயர்களை எவரும் நினைவில் வைக்கவில்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னும் இந்நிலை உடனே மாறிவிடவில்லை. ஆரம்பப் பள்ளியின் இறுதியில் நடந்த இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வில் தவறிய பிள்ளைகள் பலருக்கு, ஏறத்தாழப் பன்னிரண்டு வயதிலேயே முறையான இடைநிலைக் கல்வியின் கதவு மூடப்பட்டது. 1965 முதல் அத்தடை நீங்கி, எல்லாப் பிள்ளைகளும் மேல் வகுப்புக்குச் செல்லும் முறை வந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டைக் கடந்து முதலாம் படிவம் சென்றனர். பிற்காலத்தில், 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், 2014இல் தொடங்கிய பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. எனினும் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வின் எடை குறையவில்லை. தேர்வுகள் மாறின, "இதில் தவறினால் வாழ்வே தவறிவிடும்" என்னும் பழைய அச்சம் மட்டும் பாட்டனிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் குடும்பச் சொத்துப்போல் இறங்கி வந்துள்ளது. ஆகவே இன்றைய மாணவன் சுமக்கும் பாரம் முழுவதும் அவனுடையது மட்டுமன்று.

ஒன்றன்று, மூன்று

"கவலையாக இருக்கிறது" என்று மாணவர் கூறும்போது, அச்சொல்லுக்குள் மூன்று வேறு உணர்ச்சிகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிதலே முதற்பணியாம்.

முதலாவது குற்றவுணர்வு. இது கழிந்த காலத்தைப் பற்றியது. "நேற்று மாலை படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை" என்பது அதன் கூற்று. இரண்டாவது கவலை. இது வருங்காலத்தைப் பற்றியது. "வினாத்தாள் கடினமாக வந்தால் என் செய்வது?" என்பது அதன் கூற்று. மூன்றாவது தாழ்வுணர்வு கலந்த நாணம். இது காலத்தை விட்டு ஆளையே பற்றுகிறது. "நான் எதற்கும் உதவாதவன்" என்பது அதன் கூற்று.

குற்றவுணர்வுக்கும் இந்நாணத்திற்கும் உள்ள வேறுபாட்டை உளநூலார் வற்புறுத்திக் கூறுகின்றனர். குற்றவுணர்வு ஒரு செயலைக் குறை கூறுகிறது, செயலைத் திருத்திக்கொள்ளலாம். நாணமோ செய்தவனையே குறை கூறுகிறது. அதனால் அவன் திருந்த முயலாமல் ஒளிந்துகொள்ளவே முயல்கிறான். புத்தகத்தைக் கண்டாலே நெஞ்சு பதைப்பதால் அதை மூடி வைக்கிறான். ஆசிரியரைக் கண்டால் விலகிச் செல்கிறான். கைப்பேசியில் மனத்தைப் புதைக்கிறான். பார்ப்பவர் அதனைச் சோம்பல் என்கின்றனர். அதன் அடியில் இருப்பதோ பெரும்பாலும் அச்சம்.

'போதும்' என்பதற்கு அளவு எங்கே?

படித்தது போதுமா என்னும் கேள்விக்கு விடை கிடைக்காமைக்குக் காரணம் ஒன்றுண்டு. 'போதும்' என்பதற்கு அளவு குறிக்கப்படவில்லை. விறகு வெட்டுபவனுக்குக் கட்டு நிறைந்தால் வேலை முடிந்தது. படிப்புக்கு அத்தகைய எல்லை இல்லை. எவ்வளவு படித்தாலும் இன்னும் ஒரு பக்கம் இருக்கும்; ஒருமுறை படித்ததை மறுமுறையும் படிக்கலாம்.

சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் 1958 வரை வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன், 1955இல் ஒரு கட்டுரையில் உலகம் முழுதும் பரவிய விதி ஒன்றை வெளியிட்டார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறதோ, அவ்வளவு நேரத்தையும் அவ்வேலை விரிந்து நிரப்பிக்கொள்ளும் என்பதே அதன் கருத்து. அரசாங்க அலுவலகங்களை நகையாடி எழுதப்பட்டதாயினும், அது மாணவர் மேசைக்கும் பொருந்தும். "இன்று முழுவதும் படிப்பேன்" என்று அமர்பவனுக்கு நாள் முழுதும் ஒரே பாடம் நீள்கிறது. இரவில் "முடிக்கவில்லையே" என்னும் துயரமே மிஞ்சுகிறது.

இங்கே பினாங்கின் பழைய வழக்கம் ஒன்று வழிகாட்டும். பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், பேரேட்டில் பற்றும் வரவும் எழுதி, உரிய காலத்தில் ஐந்தொகை எடுத்தனர். இலாபம் வந்தபோது மட்டுமன்றி, நட்டம் வந்தபோதும் கணக்கைப் பார்த்தனர். கடன்பட்டு அஞ்சுபவனே பேரேட்டைத் திறக்க மறுப்பான்; திறக்காத நாள்தோறும் கடன் அவன் எண்ணத்தில் இரட்டிப்பாகும். படிக்காத பாடமும் அத்தகையதே. எவ்வளவு பாக்கி என்று எண்ணிப் பாராதவரை அது கடலாகத் தோன்றும். எண்ணிய பின் அதற்குக் கரை தெரியும்.

எடுத்துக்காட்டாக ஒரு மாணவனைக் கொள்வோம். கணக்கு, அறிவியல், வரலாறு ஆகிய மூன்றிலும் சேர்த்து அவனுக்கு 40 அதிகாரங்கள் உள்ளன. அவற்றை அவன் மூன்று பிரிவாக எழுதுகிறான். நன்கு தெரிந்தவை 18, அரைகுறையாகத் தெரிந்தவை 12, தெரியாதவை 10. தெரியாத ஒவ்வொன்றுக்கும் 6 மணி, அரைகுறைக்கு 3 மணி, தெரிந்ததைத் திருப்பிப் பார்க்க 1 மணி என வைத்தால் 60, 36, 18 ஆக மொத்தம் 114 மணி நேரம். தேர்வுக்கு 40 நாட்கள் இருந்து, நாளொன்றுக்கு 3 மணி நேரம் இவற்றுக்கு ஒதுக்கினால் 120 மணி நேரம் கிடைக்கும். கடலென்று அஞ்சியது நீந்தக்கூடிய ஆறாயிற்று. மேலும், மூன்று மணி நேரம் படித்த நாளில் அவன் "இன்றைக்குப் போதும்" என்று உரிமையுடன் எழலாம்.

நாட்கள் 20 மட்டுமே இருந்தால் 60 மணி நேரந்தான் கிடைக்கும். அப்போதும் கணக்கு உதவாமற் போகாது. எல்லாவற்றையும் தொட முடியாது என்னும் உண்மையை அது சொல்லிவிடுகிறது. அரைகுறையாகத் தெரிந்த பன்னிரண்டையும் தெரியாதவற்றுள் இன்றியமையாத நான்கையும் எடுத்துக்கொண்டால் 60 மணி நேரம் நிரம்பும். மற்றவற்றைத் தெரிந்தே விடுவது ஒரு முடிவு. எதையும் எண்ணாமல் எல்லாவற்றுக்கும் அஞ்சிக்கொண்டிருப்பது முடிவன்று.

கவலை படிப்பைக் கெடுப்பது எங்ஙனம்?

சிறிதளவு அச்சம் நன்றே. 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, அவை வேறுபாடு கண்டறியக் கற்கும் திறத்தைச் சோதித்தனர். எளிய வேலையில் அதிர்ச்சி மிகுந்தால் கற்றல் விரைந்தது. கடின வேலையிலோ நடுத்தர அதிர்ச்சியே நலம் தந்தது. மிகுந்தபோது கற்றல் குன்றியது. எலிக்குக் கண்டதை மனிதர்க்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது; ஆயினும் அளவு மீறிய தூண்டுதல் கடின வேலையைக் கெடுக்கும் என்னும் கருத்து அனுபவத்திற்கு ஒத்தது.

1967இல் லீபர்ட், மாரிஸ் என்னும் ஆய்வாளர்கள் தேர்வு அச்சத்தை இருகூறாகப் பிரித்தனர். நெஞ்சு படபடத்தல், உள்ளங்கை வியர்த்தல் முதலிய உடற்குறிகள் ஒன்று. "தவறிவிடுவேனோ" என்று ஓயாது எண்ணும் மனக்கவலை மற்றொன்று. இவ்விரண்டனுள் மதிப்பெண்ணைப் பெரிதும் பாதிப்பது கவலையே என்று பின்வந்த ஆய்வுகள் பலவும் காட்டின. காரணம் வெளிப்படை. ஒரு கணக்கைச் செய்யும்போது அதன் எண்களை மனத்தில் தாங்கிக்கொள்ள வேண்டும். அவ்விடம் சிறியது. கவலை அதில் பாதியைப் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு இடம் ஏது? ஆகவே நெஞ்சு படபடப்பதைக் கண்டு மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. அது பலருக்கும் நேர்வதே. எண்ணத்தின் ஓட்டத்தையே அடக்கப் பழக வேண்டும்.

மணிக்கணக்கும் பயன்கணக்கும்

குற்றவுணர்வு எப்போதும் மணிக்கணக்கையே கேட்கிறது. நினைவாற்றலோ மணிக்கணக்கை மட்டும் பார்ப்பதன்று. ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் 1885இல் வெளியிட்ட நூலில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று அளந்து காட்டினார். மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. ஒரே மூச்சில் படிப்பதினும் இடைவிட்டுப் படிப்பதே நிலைக்கிறது என்பன அவர் கண்டவை.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவரிடையே ஒரு சோதனை நடத்தினர். ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்து, மூன்று முறை பாராமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவரே வென்றனர். வியப்பு என்னவெனில், நான்கு முறை படித்தவர்தாம் தங்களுக்கு நன்கு நினைவிருக்கும் என்று நம்பியிருந்தனர். நன்கு படித்துவிட்ட உணர்ச்சி வேறு, படித்தது நிலைத்திருத்தல் வேறு என்பது இதனால் விளங்கும். ஒரு மணி நேரம் படித்து, அரை மணி நேரம் புத்தகத்தை மூடி எழுதிப் பார்ப்பவன், மூன்று மணி நேரம் கோடிட்டுக்கொண்டே படிப்பவனைக் கண்டு நாண வேண்டியதில்லை.

உறக்கமும் வீண் காலமன்று. 1924இல் கார்னல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்போர் நடத்திய சோதனையில், கற்றபின் உறங்கியவர் விழித்திருந்தவரினும் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். தேர்வுக்கு முன்னிரவு விழித்துக் குற்றவுணர்வுக்குக் காணிக்கை செலுத்துபவர், மறுநாள் அதற்கு வட்டியும் சேர்த்துக் கொடுக்க நேரும்.

தன்னை மன்னித்தல்

தன்னை மன்னித்தால் மேலும் சோம்பல் வளரும் என்று பலர் கருதுகின்றனர். கனடாவில் வோல் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் கூறுகிறது. முதலாண்டுப் பல்கலைக்கழக மாணவர் 119 பேரை இரண்டு தேர்வுகளின்போது அவர்கள் கவனித்தனர். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டவருள், அதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர் இரண்டாம் தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. நோவு நீங்கியமையால் புத்தகத்தை அணுகும் அச்சமும் நீங்கிற்று என்பது அவர்தம் விளக்கம்.

மன்னித்தலாவது குற்றமே இல்லை என்று சாதிப்பதன்று. "மூன்று வாரங்களை வீணாக்கினேன், உண்மை. அது திரும்பாது. இன்று மாலை ஐந்து மணிக்கு வரலாற்றின் இரண்டாம் அதிகாரத்தைத் தொடங்குவேன்" என்று கூறி எழுவதே மன்னித்தல். திருக்குறளில் மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய மூன்றும் அடுத்தடுத்த அதிகாரங்களாக அமைந்திருத்தல் கருதத்தக்கது. சோம்பலை விடுதலும், முயற்சியை மேற்கொள்ளுதலும், துன்பத்தில் கலங்காதிருத்தலும் ஒரே தொடரின் மூன்று கண்ணிகளாம்.

தொடங்கும் நேரத்தையும் இடத்தையும் குறித்து எழுதி வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் இருவர் செய்த ஆய்வுகளில், முடியாத வேலை மனத்தை இடையறாது உறுத்துவதும், அதற்குத் தெளிவான திட்டம் வகுத்தவுடன் அவ்வுறுத்தல் தணிவதும் காணப்பட்டன. வேலை முடியவில்லை, திட்டம் மட்டுமே பிறந்தது, மனம் அதற்கே அமைதியுற்றது. இரவில் கவலை எழுந்தால் ஒரு தாளில் அதனை எழுதி, அதன் எதிரே மறுநாள் செய்யப்போவதைக் குறித்துவிட்டு உறங்குதல் எளிய வழியாம்.

பெற்றோர் அறியவேண்டுவது

பிள்ளையின் உள்ளத்தில் ஒலிக்கும் குரல் பல வேளைகளில் வீட்டில் ஒலித்த குரலின் எதிரொலியே. "தம்பி, இன்று எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்று தாய் கேட்கிறாள். "படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அம்மா" என்று மகன் விடையிறுக்கிறான். அதில் பாதி பொய். அப்பொய்யும் குற்றவுணர்வில் சேர்கிறது. "இன்று படித்ததில் ஒன்றை எனக்குச் சொல்லேன், அய்யா" என்று அதே தாய் கேட்டால், மகன் நினைவுகூர்ந்து சொல்வான். அதுவே சிறந்த படிப்புமாகும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணை எடுத்துக்காட்டுதல் ஊக்கத்தை வளர்ப்பதில்லை, நாணத்தையே வளர்க்கிறது.

அந்நாணம் எங்கே கொண்டு செல்லும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. கணித மேதை சீனிவாச இராமானுசன் 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கிலேயே ஆழ்ந்து ஏனைய பாடங்களை விட்டமையால் தேர்வில் தவறி, உதவிச் சம்பளத்தையும் இழந்தார். 1905இல், வீட்டாரிடம் சொல்லாமலே விசாகப்பட்டினத்திற்குப் புறப்பட்டுச் சென்றார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் தவறினார். தேர்வில் தவறியோர்க்கு ஆறுதலாக இவ்வரலாறு கூறப்படுவதுண்டு. தவறியவர் எல்லோரும் இராமானுசன் ஆவதில்லை; அந்த ஆறுதல் போலியானது. இதிற் கொள்ளவேண்டிய பாடம் வேறு. பதினேழு வயதுப் பிள்ளையொருவர் தம் தோல்வியுடன் வீட்டில் இருக்க முடியாமல் வீட்டை விட்டு வெளியேறினார். அவர் திரும்பி வந்தார். உலகம் அவரைப் பெற்றது. திரும்பி வாராத பிள்ளையும் உண்டு என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.

ஆதலின், தேர்வு முடிவு எதுவாயினும் வீட்டில் இடமுண்டு என்னும் உறுதியை முடிவு வருமுன்னரே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். முடிவு வந்தபின் சொல்வது சமாதானமாகத் தோன்றும். முன்னரே சொல்வதே உறுதியாகும். பல நாட்கள் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எவருடனும் பேசாதிருத்தல், "நான் இருந்து பயனில்லை" என்னும் சொல் ஆகியவை தோன்றினால், அவற்றைத் தேர்வுக்காலத்து இயல்பென்று தள்ளிவிடாமல், பள்ளியின் ஆலோசக ஆசிரியரையோ மருத்துவரையோ உடனே நாட வேண்டும். மனம் விட்டுப் பேசுவோர்க்குச் செவிசாய்க்கும் பிஃபிரெண்டர்ஸ் என்னும் தொண்டமைப்பும் பினாங்கில் உள்ளது.

கேள்வியை மாற்றுதல்

"படித்தது போதுமா?" என்பது விடையற்ற கேள்வி. அதனை எத்தனை முறை கேட்டாலும் "போதாது" என்னும் ஒரே விடைதான் வரும். ஆகவே கேள்வியை மாற்றுதல் வேண்டும். "இன்று எதைக் கற்கப் போகிறேன்? எப்போது தொடங்குவேன்? எப்போது நிறுத்துவேன்?" என்னும் மூன்றுக்கும் விடை உண்டு. விடையுள்ள கேள்விகளைக் கேட்பவன், கழிந்த நாட்களுக்காகத் தன்னையே தண்டித்துக்கொண்டிராமல், இருக்கும் நாட்களைப் பயன்படுத்துகிறான். தேர்வு ஒரு மாணவனின் அறிவில் ஒரு பகுதியை, ஓராண்டின் சில நாட்களில், சில மணி நேரம் அளந்து பார்க்கிறது. அதற்கு வேண்டிய மதிப்பைக் கொடுத்தல் கடமை. அதற்கு மேற்பட்ட மதிப்பைக் கொடுத்தல் எவர்க்கும் கடமையன்று.